சமையலறை மேஜையில் ஒரு கம்பெனி

உங்கள் வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை இருந்தால், 'வீடியோ கேம்' என்ற பேச்சை எடுத்ததுமே உங்களுக்குக் கோபம் வரும். தெரியாதா என்ன? தட்டில் சாதம் ஆறிக்கொண்டிருக்கும். மூன்று தடவை கூப்பிட்டாயிற்று. "இதோ ஆச்சும்மா, இந்த ஒரு லெவல்தான்!" என்று உள்ளிருந்து குரல் மட்டும் வரும், ஆள் வராது. "இந்தச் சனியனை எவன்தான் கண்டுபிடித்தானோ!" என்று நீங்கள் வாய்விட்டே சொல்லியிருப்பீர்கள்.

எவன் என்று மட்டும் கேட்காதீர்கள், அம்மணி. கம்ப்யூட்டர் திரையில் வெறும் எழுத்தாக ஓடிக்கொண்டிருந்த கதை விளையாட்டுக்கு முதன் முதலில் படம் சேர்த்தவர் ஒரு பெண். இரண்டு குழந்தைகளுக்குத் தாய். கல்லூரிப் பட்டமோ, கம்ப்யூட்டர் எழுதும் படிப்போ அவருக்குக் கிடையாது. வீட்டுச் சமையலறை மேஜையில் காகிதத்தை விரித்துவைத்துக்கொண்டு அந்தக் காரியத்தைச் செய்தார். அதிலிருந்து ஒரு கம்பெனி முளைத்தது, வளர்ந்தது, நூறு கோடி டாலருக்கு விலை போயிற்று. பிறகு மூன்றே வருஷத்தில், அந்தக் கம்பெனி பிறந்து வளர்ந்த மலையூரில் ஒரு திங்கட்கிழமை காலையில் கதவைச் சாத்தினார்கள். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

அந்தப் பெண்மணியின் பெயர் ராபர்ட்டா வில்லியம்ஸ். 1953-ம் வருஷம் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் கல்யாணம். கணவர் கென், அவரைவிட இளையவர். அப்போதுதான் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதும் வேலை கற்றுக்கொண்டு, கம்பெனிக்குக் கம்பெனி மாறி மாறிச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர். பரபரப்பான மனிதர். ராபர்ட்டாவோ கூச்ச சுபாவம். சிறு வயதிலிருந்தே தனக்குத் தானே கதை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ரகம். 1979-ம் வருஷத்தில் மூத்த பையனுக்கு ஆறு வயது, இளையவன் கைக்குழந்தை.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் என்றால் இன்று மடியில் வைத்துக்கொள்கிறோமே, அது அல்ல. அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் பெரிய யந்திரம். வீட்டிலிருந்து அதோடு பேச வேண்டுமானால் டைப்ரைட்டர் மாதிரி ஒரு கருவியை டெலிபோன் கம்பியில் இணைக்க வேண்டும். கென் அப்படி ஒன்றை ஆபீஸ் வேலைக்காக வீட்டுக்குக் கொண்டுவந்தார். தூரத்தில் இருந்த யந்திரத்துக்குள் எதையோ துழாவிக்கொண்டிருந்தவர் கண்ணில் 'கலாஸல் கேவ்' என்ற விளையாட்டு பட்டது. "ராபர்ட்டா, இங்கே வந்து இதைப் பாரேன்!" என்று கூப்பிட்டார். கூப்பிட்டதோடு அவர் வேலை முடிந்தது. அப்புறம் எழுந்திருக்காதவர் ராபர்ட்டாதான்.

அந்த விளையாட்டுக்கே ஒரு சிறு கதை உண்டு. வில் கிரௌதர் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் குகைக்குள் போய் ஆராய்வதில் பித்துக் கொண்டவர். கென்டக்கி மாகாணத்தில் உள்ள பிரம்மாண்டமான மாமத் குகையில் பல நாள் அலைந்தவர். மனைவியிடமிருந்து விவாகரத்து ஆன பிறகு, தம் இரண்டு பெண் குழந்தைகள் விளையாடுவதற்காக அந்தக் குகையையே எழுத்தில் வடித்துக் கம்ப்யூட்டரில் வைத்தார். 1977-ல் டான் உட்ஸ் என்ற வாலிபர் அதில் புதையல்களும் மந்திரமும் சேர்த்துப் பெரிதாக்கினார். படம் கிடையாது, சத்தம் கிடையாது. 'நீ ஒரு சாலையின் முடிவில் நிற்கிறாய், எதிரே ஒரு கட்டடம்' என்கிற மாதிரி யந்திரம் எழுதிக் காட்டும். 'உள்ளே போ', 'விளக்கை எடு' என்று நீங்கள் பதில் எழுத வேண்டும். பாட்டி கதை சொல்லும்போது நடுவில் நிறுத்தி, "அப்புறம் ராஜகுமாரன் எந்த வழியாகப் போனான், நீ சொல்லு" என்று குழந்தையையே கேட்டால் எப்படி இருக்கும்? அப்படி.

கைக்குழந்தை ஒரு பக்கம் அழ, வீட்டு வேலை ஒரு பக்கம் கிடக்க, ராபர்ட்டா அந்தக் குகையை விட்டு வெளியே வரவில்லை. வாரக்கணக்கில் விளையாடி முழுவதையும் முடித்தார். முடித்த பிறகு, இதைப் போல வேறு எங்கே கிடைக்கும் என்று தேடினார். கிடைத்த ஒன்றிரண்டும் அவருக்குச் சப்பென்று இருந்தன. நல்ல நாவலைப் படித்து முடித்துவிட்டு அடுத்தது கிடைக்காமல் தவித்திருக்கிறீர்களா? அந்தத் தவிப்புத்தான். மற்றவர்களாக இருந்தால் தவித்துவிட்டுப் போயிருப்பார்கள். இவர் தாமே ஒன்று எழுத உட்கார்ந்தார்.

ஊரை விட்டு ஒதுங்கிய ஒரு பழைய பங்களா. அதற்குள் ஏழு பேர். ஒவ்வொருவராகக் கொலை ஆகிறார்கள். கொலையாளி யார்? அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல்களில் அவருக்கு மிகுந்த பிரியம். அந்தப் பாணியில் கதையை அமைத்தார். எந்த அறைக்குள் போனால் என்ன நடக்கும், எந்தப் பொருளை எடுத்தால் எந்தக் கதவு திறக்கும் என்று மூன்று வாரம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து காகிதம் காகிதமாக வரைந்தார்.

கணவரிடம் சொன்னார். கென்னுக்கு அப்போது மனத்தில் வேறு திட்டம். ஆப்பிள் என்ற புதுக் கம்பெனி விற்றுக்கொண்டிருந்த சிறு கம்ப்யூட்டருக்கு எஞ்சினீயர்கள் உபயோகிக்கும் ஒரு சாதனம் எழுதிப் பெரும் பணம் பண்ண வேண்டும் என்று. விளையாட்டாவது ஒன்றாவது! வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தால் இவர் காதில் ஏறாது என்று ராபர்ட்டா அவரை ஓட்டலுக்கு அழைத்துக்கொண்டு போய், சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்து முழுக் கதையையும் சொன்னார். (இந்த உபாயம் அமெரிக்காவில் மட்டும் பலிப்பது அல்ல என்று நினைக்கிறேன்.) படம் போடலாம் என்ற பேச்சு வந்ததும் கென் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை அப்படி யாரும் செய்ததில்லை.

ஏன் செய்யவில்லை என்றால், இடம் இல்லை. ஒரு மெல்லிய தகட்டில் எழுபது படங்களை அப்படியே அடைத்துவைக்க முடியாது. கென் செய்த யுக்தி நம் வீட்டுப் பெண்களுக்கு உடனே புரியும். கோலத்தை அப்படியே பெயர்த்து எடுத்துக்கொண்டு போக முடியுமா? ஆனால் எத்தனை புள்ளி, எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு இழுக்க வேண்டும் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டால், எந்த வாசலிலும் அதே கோலத்தைப் போட்டுவிடலாம் அல்லவா? கென் படத்தைத் தகட்டில் வைக்கவில்லை. இங்கிருந்து அங்கே கோடு இழு என்ற கட்டளைகளை மட்டும் வைத்தார். விளையாடுகிறவர் அறைக்குள் நுழைந்ததும் கம்ப்யூட்டர் அந்தக் கணத்தில் கோட்டை இழுத்துப் படத்தைப் போட்டுவிடும்.

படங்கள் அழகாக இருந்தன என்று சொன்னால் பொய். ராபர்ட்டா சித்திரக்காரி அல்ல. மனிதர்கள் எல்லாம் தீக்குச்சியில் தலை வைத்த மாதிரி இருந்தார்கள். இருந்தால் என்ன? 1980-ம் வருஷம் மே மாதம் 'மிஸ்டரி ஹவுஸ்' என்ற பெயரோடு அது விற்பனைக்கு வந்தது. அச்சிட்ட ஒரு காகிதத்தையும் தகட்டையும் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடியதுதான் பெட்டி. விலை 24 டாலர் 95 சென்ட். ஒரு சிறு பத்திரிகையில் விளம்பரம்; கடை கடையாகக் கென் காரில் கொண்டுபோய்க் கொடுத்தது கொஞ்சம். முதல் மாதமே சுமார் 11,000 டாலர் வந்தது. விளம்பரத்தில் கொடுத்திருந்தது வீட்டு டெலிபோன் நம்பர். ராத்திரி சாப்பாட்டு வேளையில் மணி அடிக்கும். "அம்மா, பரணுக்குப் போக வழி எது?" என்று யாரோ முன்பின் தெரியாத ஒருவர் கேட்பார். ஒரு கையில் கரண்டியோடு வழி சொல்லிக்கொண்டிருந்தது இந்த விளையாட்டை எழுதின அம்மாள் என்று அவர்களுக்கு எங்கே தெரியும்!

* * *

பணம் கையில் வந்ததும் கணவனும் மனைவியும் செய்த முதல் காரியம், நகரத்தை விட்டுப் புறப்பட்டது. யோஸமிட்டி என்ற புகழ்பெற்ற வனத்துக்குப் போகும் வழியில், சியெர்ரா நெவாடா மலை அடிவாரத்தில் ஓக்ஹர்ஸ்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. ராபர்ட்டாவின் பெற்றோர் அந்தப் பக்கம் இருந்தார்கள். குழந்தைகளை மரம் செடி கொடிக்கு நடுவே வளர்க்க வேண்டும் என்ற ஆசை வேறு. அங்கே போய்க் கம்பெனி வைத்தார்கள். 1982-ல் அதற்குச் 'சியெர்ரா ஆன்லைன்' என்று பெயர் சூட்டினார்கள். சியெர்ரா என்பது ஸ்பானிஷ் பாஷைச் சொல். மலைத்தொடர் என்று ஓர் அர்த்தம். ரம்பம் என்று இன்னோர் அர்த்தம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் கிடைக்கும் ஊரா அது? கிடைத்தவர்களை எடுத்தார்கள், கற்றுக்கொடுத்தார்கள். ஆல் லோ என்பவர் பள்ளிக்கூடத்தில் பாண்டு வாத்தியம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். ஜிம் வால்ஸ் சாலைப் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரைக் கொண்டு போலீஸ் விளையாட்டு ஒன்றை எழுதவைத்தார்கள். லோரி கோல், கோரி கோல் என்று இன்னொரு தம்பதி சேர்ந்தார்கள். பாண்டு வாத்தியாருக்கும் போலீஸ்காரருக்கும் உள்ளே இப்படி ஒரு கதை ஒளிந்திருக்கும் என்று கண்டுபிடித்ததுதான் கென் வில்லியம்ஸின் உண்மையான சாமர்த்தியம் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் அதற்கு முன்பே ஒரு முறை கம்பெனி முழுகப் பார்த்தது. 1982-ல் வெளியிலிருந்து முதலீட்டாளர்கள் வந்தார்கள். பணம் கொடுத்தார்கள்; கூடவே யோசனையும் கொடுத்தார்கள். அந்தச் சமயம் டெலிவிஷனில் செருகி விளையாடும் பெட்டிகள் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தன. அவற்றில் செருகும் 'கார்ட்ரிட்ஜ்'களைத் தயாரித்தால் லாபம் கொட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். தகடு என்றால் பத்து விற்றால் இன்னும் பத்து தயாரித்துக்கொள்ளலாம். விற்காவிட்டால் அழித்து வேறு எழுதலாம். கார்ட்ரிட்ஜ் அப்படி அல்ல. ஆயிரக் கணக்கில் முன்பணம் கட்டி, மாதக் கணக்கில் காத்திருந்து தயாரிக்க வேண்டும். தீபாவளிக்கு நாள் பார்த்துப் பட்டாசு வாங்கி அடுக்கிய கடைக்காரர் மாதிரி சியெர்ரா சரக்கை அடுக்கியது. 1983-ல் அமெரிக்காவில் அந்த வியாபாரமே ஒட்டுமொத்தமாகச் சரிந்தது. மழையில் நனைந்த பட்டாசு! சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. பாதிக்கு மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பும்படி ஆயிற்று.

காப்பாற்றியது ஒரு தோல்வி என்றால் நம்புவீர்களா? ஐ.பி.எம். என்ற மாபெரும் கம்பெனி வீடுகளுக்கென்று ஒரு சிறு கம்ப்யூட்டர் தயாரித்தது. அதன் சிறப்பைக் காட்டுவதற்கு ஒரு விளையாட்டு வேண்டும் என்று பணம் கொடுத்துச் சியெர்ராவைக் கேட்டது. ராபர்ட்டா தமக்குத் தெரிந்த தேவதைக் கதைகளை எல்லாம் ஒன்றாகப் போட்டுக் கலக்கி 'கிங்ஸ் க்வெஸ்ட்' என்று எழுதினார். ராஜா சாகக் கிடக்கிறார். காணாமற்போன மூன்று பொக்கிஷங்களைத் தேடிக்கொண்டு வருகிறவனுக்கு ராஜ்யம். திரையில் உள்ள வீரன் நீங்கள் சொன்ன பக்கம் நடப்பான். மரத்துக்குப் பின்னால் போனால் மறைவான், முன்னால் வந்தால் தெரிவான். இன்று குழந்தைகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். 1984-ல் அது அதிசயம்.

ஐ.பி.எம்.மின் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. 1985-ல் அதைக் கைவிட்டே விட்டார்கள். ஆனால் டாண்டி என்ற இன்னொரு கம்பெனி அதையே நகல் செய்த மாதிரி, ஆனால் குறைகளை நீக்கி ஒன்று வெளியிட்டிருந்தது. ஊர் ஊராக அவர்களுக்குச் சொந்தக் கடை இருந்தது. அந்த யந்திரத்தில் 'கிங்ஸ் க்வெஸ்ட்' பிரமாதமாக ஓடிற்று. விற்றது. அடுத்த பாகம், அதற்கடுத்த பாகம் என்று தொடர்கதையாகவே ஆகிவிட்டது. நம் வாசகிகளுக்குத் தொடர்கதையின் மகிமையைச் சொல்ல வேண்டுமா? ராஜாவுக்குக் கல்யாணம் ஆயிற்று, பிள்ளை பிறந்தது, பெண் பிறந்தது. அமெரிக்கக் குடும்பங்கள் அந்த ராஜ குடும்பத்தோடு கூடவே வளர்ந்தன.

1988-ல் வந்த நாலாம் பாகத்தில் ராபர்ட்டா ஒரு காரியம் செய்தார். வீரன் இல்லை, ராஜகுமாரி ரோஸெல்லா. தகப்பனார் மரணப் படுக்கையில் கிடக்க, அவரைப் பிழைக்கவைக்கும் மந்திரப் பழத்தைத் தேடிக்கொண்டு புறப்படுகிறவள் அந்தப் பெண். கம்ப்யூட்டர் விளையாட்டு என்றால் ஆண் பிள்ளைகள் சமாசாரம் என்று இருந்த காலம் அது. விற்பனை குறையவில்லை. 1990-ல் வந்த ஐந்தாம் பாகம் ஐந்து லட்சம் பிரதிகளைத் தாண்டியதாகச் சொல்கிறார்கள். அந்த நாளில் அது எட்டாத உயரம்.

எல்லாமே குடும்பத்தோடு விளையாடத் தக்கவை என்று சொல்ல மாட்டேன். பாண்டு வாத்தியார் எழுதிய 'லாரி' விளையாட்டின் விஷயத்தை இந்தப் பத்திரிகையில் விவரிப்பதற்கில்லை. ராபர்ட்டாவே 1995-ல் நடிகர்களை வைத்துப் படம் பிடித்து, ஏழு ஸி.டி.களில் ஒரு பயங்கரக் கதை வெளியிட்டார். பங்களாவில் பேய் புகுந்து புருஷனைப் பிடித்துக்கொள்கிறது. பெண்டாட்டி தப்ப வேண்டும். சில கடைக்காரர்கள் விற்க மறுத்தார்கள்; ஆஸ்திரேலியாவில் தடை விதித்தார்கள். அமோகமாக விற்றது. ராஜகுமாரி ரோஸெல்லாவைப் படைத்த கை இப்படி ரத்தம் தெளித்திருக்க வேண்டாம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் ஒரே மாதிரி எழுதிச் சலித்துப்போன எழுத்தாளர் வேறு பக்கம் திரும்பிப் பார்க்க ஆசைப்படுவதும் இயற்கைதான்.

இதற்குள் கம்பெனி பெரிதாகி, பங்குகளைச் சந்தையில் விற்று, 1993-ல் தலைமை ஆபீஸையும் வடக்கே ஸியாட்டில் பக்கம் மாற்றிக்கொண்டது. மலையூரில் விளையாட்டு எழுதுகிறவர்களில் பலர் அங்கேயே இருந்தார்கள். வீடு கட்டியிருந்தார்கள், பிள்ளைகள் அங்கே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தன.

* * *

1996-ம் வருஷம் ஸி.யு.ஸி. என்ற கம்பெனியின் தலைவர் வால்டர் ஃபோர்ப்ஸ் ஒரு பேச்சைத் தொடங்கினார். அந்நியர் அல்ல, சியெர்ராவின் டைரக்டர்களில் ஒருவராக இருந்தவர். "கம்பெனியை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்" என்றார். சொன்ன விலை சந்தை விலையைவிட மிக அதிகம். நூறு கோடி டாலருக்கும் மேல். அதே சமயத்தில் டேவிட்ஸன் என்ற இன்னொரு கம்ப்யூட்டர் கம்பெனியையும் வாங்கினார்கள். அதை ஆரம்பித்தவரும் ஒரு பெண்மணி, பள்ளி ஆசிரியை.

நூறு கோடி டாலர் என்றால் நோட்டுக் கட்டாக அல்ல; ஸி.யு.ஸி.யின் பங்குப் பத்திரமாக. இங்கேதான் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். வீட்டை விற்கிறீர்கள். வாங்குகிறவர் ரொக்கம் தரவில்லை. "என் சீட்டுக் கம்பெனியில் உங்களுக்கு இத்தனை சீட்டு" என்கிறார். அப்புறம் உங்கள் வீட்டின் விலை என்பது அந்தச் சீட்டுக் கம்பெனியின் யோக்கியதையைப் பொறுத்தது அல்லவா?

ஸி.யு.ஸி. என்ன வியாபாரம் செய்தது? விளையாட்டு அல்ல. டெலிபோனிலும் தபாலிலும் சந்தா சேர்த்தது. வருஷத்துக்கு இவ்வளவு கட்டி உறுப்பினர் ஆனால் சாமான்கள் மலிவாகக் கிடைக்கும், பிரயாணச் சீட்டில் தள்ளுபடி கிடைக்கும் என்று. சந்தாக் கணக்கு எப்படி எழுத வேண்டும்? இந்தப் பத்திரிகைக்கு நீங்கள் வருஷச் சந்தா கட்டினால், அந்தப் பணம் முழுவதும் அன்றைக்கே எங்கள் சம்பாத்தியம் ஆகிவிடாது. ஐம்பத்திரண்டு வாரம் இதழ் அனுப்ப வேண்டிய கடன் எங்களுக்கு இருக்கிறது. நடுவில் நீங்கள் வேண்டாம் என்றால் பாக்கியைத் திருப்பித் தர வேண்டும். ஸி.யு.ஸி.யில் வரப்போகிற பணத்தை வந்ததாக எழுதினார்கள். வேண்டாம் என்று விலகினவர்களின் கணக்கைக் குறைத்துக் காட்டினார்கள்.

இன்னொரு தந்திரமும் உண்டு. பெண்ணின் கல்யாணச் செலவுக்கு ஒரு லட்சம் என்று கணக்குப் புஸ்தகத்தில் ஒதுக்கிவைத்துவிட்டு, நாற்பதாயிரத்தில் கல்யாணத்தை முடித்துவிட்டு, மிச்சம் அறுபதாயிரத்தை மாதா மாதம் 'இந்த மாதச் சம்பாத்தியம்' என்று கொஞ்சம் கொஞ்சமாக எழுதிக்கொண்டு வந்தால் எப்படி? அதையேதான் செய்தார்கள். வேறு கம்பெனிகளை வாங்கி இணைக்கும்போது இணைப்புச் செலவு என்று பெரிய தொகையை ஒதுக்குவது. அப்புறம் அதையே லாபமாகக் காட்டுவது. அந்தப் பணம் தீர்ந்ததும்? இன்னொரு கல்யாணம் வேண்டும். ஆகவே கம்பெனி மேல் கம்பெனியாக வாங்கிக்கொண்டே போக வேண்டியிருந்தது. நல்ல விலை கொடுக்கிறவர்கள் எல்லோரும் தாராள மனசுக்காரர்கள் அல்ல, பாருங்கள்.

கென்னுக்கு இது எதுவும் தெரியாது. பங்குதாரர்களுக்கு லாபமான விலை வந்தபோது வேண்டாம் என்று சொல்ல அவருக்கு நியாயம் ஏது என்று கேட்பவர்கள் உண்டு, கேள்வி சரிதான். ஆனால் விற்ற பிறகு பேச்சு மாறிப்போனது. சியெர்ராவின் கடிவாளம் அவர் கையில் இருக்கவில்லை. பதினேழு வருஷம் தாம் நடத்திய கம்பெனியில் ஒன்றும் தீர்மானிக்க முடியாதவராக உட்கார்ந்திருந்து, 1997-ல் விலகினார். ராபர்ட்டா தம் தொடரின் எட்டாம் பாகத்தை முடிப்பதற்காகத் தங்கினார். அது அவர் நினைத்தபடி அமையவில்லை. மேலே உள்ளவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். 1998 முடிவில் அது வெளிவந்ததோடு அவரும் ஒதுங்கிக்கொண்டார்.

அதற்குள் குட்டு வெளிப்பட்டுவிட்டது. 1997 டிசம்பரில் ஸி.யு.ஸி., ஓட்டல்கள் வீடு விற்பனை முதலிய வியாபாரம் செய்த இன்னொரு பெரிய கம்பெனியோடு இணைந்து 'ஸென்டன்ட்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. புதுச் சம்பந்திகள் கணக்கைப் புரட்டிப் பார்த்தார்கள். 1998 ஏப்ரல் 15-ம் தேதி, கணக்கில் முறைகேடு இருக்கிறது என்று உலகத்துக்கு அறிவித்தார்கள். மறுநாள் பங்கின் விலை 35 டாலரிலிருந்து 19 டாலருக்கு விழுந்தது. ஒரே நாளில் பங்குதாரர்கள் இழந்தது சுமார் 1,400 கோடி டாலர். 1995, 96, 97 ஆகிய மூன்று வருஷங்களில் மட்டும் சுமார் 50 கோடி டாலர் லாபம் வெறும் கற்பனை என்று விசாரணையில் தெரிந்தது. விளையாட்டு எழுதினவர்களின் கற்பனையைவிட இது பெரிய கற்பனை! சியெர்ராவில் வேலை பார்த்தவர்கள் தங்களுக்கென்று சேர்ந்திருந்த பங்குகளை நம்பி என்னென்ன திட்டம் போட்டிருந்தார்களோ, அவையும் அந்த ஒரு நாளில் பாதியாயின.

ஸென்டன்ட் தன் விளையாட்டு வியாபாரத்தைப் பிரெஞ்சுக்காரர்களுக்கு விற்றுவிட்டுக் கை கழுவிற்று. வாங்கினவர்கள் செலவைக் குறைக்கப் புறப்பட்டார்கள்.

1999 பிப்ரவரி 22-ம் தேதி, திங்கட்கிழமை. மலையூர் ஆபீஸுக்கு எல்லோரும் வழக்கம்போல வேலைக்கு வந்தார்கள். கூட்டத்துக்கு வரச் சொன்னார்கள். அங்கே சொன்ன செய்தி, இந்தக் கிளையை மூடுகிறோம் என்பது. நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு அன்றோடு வேலை போயிற்று. பாதி எழுதிய விளையாட்டுகள் மேஜை மேலே கிடந்தன. நகரத்தில் இருந்தால் அடுத்த தெருவில் வேறு ஆபீஸில் கேட்கலாம். அந்த மலையடிவாரத்தில் யாரைக் கேட்பது? வேலை போனால் வீட்டையும் விற்றுக்கொண்டு, குழந்தையின் பள்ளிக்கூடத்தையும் மாற்றிக்கொண்டு ஊரை விட்டே போக வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் அந்த நாளுக்கு 'ரம்பத் திங்கட்கிழமை' என்று பெயர் வைத்தார்கள். சியெர்ரா என்ற சொல்லுக்கு இன்னோர் அர்த்தம் சொன்னேனே!

இதில் ஒரு விசித்திரத்தையும் கவனியுங்கள். அதற்கு மூன்று மாதம் முன்னால்தான், 1998 நவம்பரில், 'ஹாஃப் லைஃப்' என்ற விளையாட்டைச் சியெர்ரா வெளியிட்டிருந்தது. வால்வ் என்ற புதுக் கம்பெனிப் பையன்கள் எழுதியது. உலகம் முழுவதும் விற்றுக் குவித்தது. ஆக, கடையில் சியெர்ரா பெயர் போட்ட பெட்டிக்கு அடிதடி. சியெர்ரா பிறந்து வளர்ந்த ஊரில் கதவுக்குப் பூட்டு. வியாபாரம் படுத்ததால் மூடினார்கள் என்று யாராவது சொன்னால், அவ்வளவு சுலபமாகத் தலையாட்டிவிடாதீர்கள்.

வால்டர் ஃபோர்ப்ஸ் மீது வழக்கு நடந்தது. இரண்டு தடவை ஜூரிகள் ஒரு முடிவுக்கு வரவில்லை. மூன்றாவது தடவை, 2006-ல், குற்றவாளி என்றார்கள். 2007 ஜனவரியில் பன்னிரண்டு வருஷம் ஏழு மாதம் சிறைத் தண்டனை. 300 கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு கொடுக்கும்படி உத்தரவு. மலையூரை விட்டுப் போனவர்கள் அதற்குள் எங்கெங்கோ சிதறி வேறு வேறு வேலைகளில் இருந்தார்கள்.

கென்னும் ராபர்ட்டாவும் பேட்டி கொடுப்பதைக்கூட விட்டுவிட்டு, ஒரு படகு வாங்கிக்கொண்டு சமுத்திரம் சமுத்திரமாகச் சுற்றினார்கள். அட்லாண்டிக்கைக்கூட அதிலேயே தாண்டினார்கள். 2020-ல் கென் தம் கம்பெனியின் கதையைப் புஸ்தகமாக எழுதினார். ராபர்ட்டா 2021-ல் ஒரு நாவல் வெளியிட்டார். கொரோனா காலத்தில் வீட்டோடு அடைந்து கிடந்தபோது மறுபடியும் கை துறுதுறுத்தது போலும். பழைய 'கலாஸல் கேவ்' குகையையே படங்களோடு புதிதாக அமைத்து 2023 ஜனவரியில் வெளியிட்டார்கள். அப்போது ராபர்ட்டாவுக்கு எழுபது வயது ஆக ஒரு மாதம் பாக்கி. பார்த்தவர்களில் சிலர் கொண்டாடினார்கள். சிலர் காலம் கடந்துவிட்டது என்றார்கள்.

சியெர்ரா என்ற பெயர் மட்டும் கைமாறிக்கொண்டே இருந்தது. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து 2008-ல் ஆக்டிவிஷன் என்ற கம்பெனிக்குப் போயிற்று. அவர்கள் அதை மூடினார்கள், 2014-ல் சிறிது காலம் தூசி தட்டி எடுத்துப் பார்த்தார்கள். 2023 அக்டோபரில் ஆக்டிவிஷனையே மைக்ரோஸாஃப்ட் வாங்கிவிட்டது. ராஜா, ராஜகுமாரி ரோஸெல்லா, பாண்டு வாத்தியாரின் லாரி உள்பட அந்த மலையூரில் பிறந்த குழந்தைகளில் சிலர் இப்போது ஒருவர் வீட்டில், சிலர் வேறொருவர் வீட்டில். லாரி மட்டும் தனியாக விலை போய்விட்டான். மற்றவர்கள் எங்கே இருந்தாலும் சௌக்கியமாக இருக்கட்டும். தயிர் சாதம் இன்னும் தட்டிலேயே இருக்கிறதா, போய்ப் பாருங்கள்.